பிழை நாற்பதுக்கு வந்த பதில்கள்

ஆபீஸில் அவளுக்கு வாயாடி என்று பெயர். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் முதல் வாரம் குழம்பிப்போவார்கள். வாயாடி வாய் திறந்து அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். மீட்டிங்கில் சுவரோரமாக உட்கார்ந்திருப்பாள். கேட்டால் "சரி சார்" என்பாள், மிஞ்சிப்போனால் "பாக்கறேன் சார்". பிறகு ஒருநாள் அவள் எழுதிய புரோகிராம் கோடைத் திறந்து படிப்பார்கள். அப்போது பெயருக்குக் காரணம் தெரிந்துவிடும்.

கம்ப்யூட்டருக்கு எழுதுகிற கட்டளைகளுக்கு நடுவில், பின்னால் வந்து படிக்கிற மனிதர்களுக்காக ஓரிரு வரி குறிப்பு எழுதி வைப்பது அந்தத் தொழிலில் வழக்கம். கம்ப்யூட்டர் அதைச் சட்டை செய்யாது. மற்றவர்கள் "இங்கே தேதி சரிபார்க்கப்படுகிறது" என்று எழுதிவிட்டுப் போகிற இடத்தில் அவள் இப்படி எழுதியிருப்பாள்: "இந்தத் தேதிக் கணக்கு ஏன் சரியாக வருகிறது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தால் சத்தமாகச் சொல்லாதீர்கள், அதற்குக் கேட்டுவிடப் போகிறது." இன்னொரு இடத்தில்: "கீழே உள்ள நாலு வரியை அழகுபடுத்தலாம் என்று தோன்றுகிறதா? எனக்கும் ஒரு சனிக்கிழமை அப்படித்தான் தோன்றியது. அந்தச் சனிக்கிழமை போனது போனதுதான்."

பள்ளிக்கூட நாளிலிருந்தே அவளுக்கு இந்தக் கோளாறு உண்டு. யாராவது சீண்டினால் பதில் வரும், நறுக்கென்றுதான் வரும். ஆனால் சீண்டியவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிய பிறகு வரும். கல்லூரியில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டபோது அவளுக்கு உலகமே பிடிபட்ட மாதிரி இருந்தது. கம்ப்யூட்டர் காத்திருந்தது. நாலு மணி நேரம் யோசித்துப் பதில் சொன்னாலும் "இதுக்கா இவ்வளவு நேரம்" என்று அது கேட்கவில்லை. படிப்பு முடிந்ததும் இந்தச் சின்ன கம்பெனியில் சேர்ந்தவள் வேறெங்கும் போகவில்லை. கீழே டயர் கடை, மேலே பல் டாக்டர், நடுமாடியில் இவர்கள். மேலே டிரில் ஓடும் நேரத்தில் யாரும் போன் எடுக்க மாட்டார்கள்.

வீட்டில் அவளுக்குப் பேச வேண்டிய அவசியமே வரவில்லை. கணவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். மைதானத்தில் கத்திப் பழகிய தொண்டையை வீட்டு வாசலில் கழற்றி வைக்கத் தெரியாதவர். மாமியார் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருமுறை கேட்ட வாக்கியத்தை அட்சரம் பிசகாமல் திருப்பிச் சொல்லுவார். அதைவிட முக்கியம், வீட்டில் மின்சாரத்தில் ஓடுகிற ஒவ்வொரு சாமானைப் பற்றியும் அவருக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது.

"இந்த வாஷிங் மெஷின் பதினாலு விதமா துவைக்குமாம். எனக்குத் தெரிஞ்சு துணி ரெண்டே விதம்தான். அழுக்கு, ரொம்ப அழுக்கு."

"ரிமோட்ல நான் அமுத்தறது மூணு பட்டன். மிச்சம் இருக்கறதெல்லாம் நான் தெரியாம கை வெச்சுடணும்னே செஞ்சிருக்கான்."

போன் தானாகவே புதுப்பித்துக்கொண்ட மறுநாள் காலையில் சொன்னார்: "நேத்து இருந்த எடத்துல இன்னிக்கு ஒண்ணும் இல்ல. நாம தூங்கறப்ப ஒருத்தன் வீட்டுக்குள்ள வந்து பாத்திரத்தையெல்லாம் எடம் மாத்தி வெச்சுட்டுப் போனா சும்மா விடுவோமா? போன்காரன் செஞ்சா மட்டும் அப்டேட்டாம்."

சொல்லிவிட்டு மருமகளைப் பார்ப்பார். உலகத்தில் மென்பொருள் எழுதுகிற அத்தனை பேர் சார்பிலும் வாயாடி தலையைக் குனிந்துகொள்வாள். "சரிதான் அத்தை" என்பாள். பதில் மறுநாள் ஆபீஸ் பஸ்ஸில்தான் வரும்.

கம்பெனி செய்து கொடுத்த சாமான்களில் பெரியது, நகரத்து நூலகங்களில் வாசலுக்குப் பக்கத்தில் நிற்கும் தொடுதிரை. அதில் ஒரு நீளமான கட்டம் இருக்கும். புத்தகத்தின் பெயரையோ எழுதியவர் பெயரையோ அடித்தால் எந்த அலமாரி என்று சொல்லும். ஓர் எழுத்து பிசகினால் சிவப்பில் வரும்: "பிழை 40: வினவல் செல்லாது." இந்த வாசகத்தை எழுதியவர் யார் என்று கம்பெனியில் யாருக்கும் நினைவில்லை. எல்லோருக்கும் முன்னாலிருந்தே அது அங்கே இருந்தது.

புதிய பதிப்பு ஒன்றைத் தயார் செய்யும்போது, சோதனைக்காக, வாயாடி அந்த இடத்தில் தன் பாணியில் வேறொன்றைப் போட்டு வைத்திருந்தாள். "மன்னிக்கணும், எனக்கு ஒண்ணும் புரியல. தப்பு உங்க மேலயா என் மேலயான்னு அப்புறம் பாத்துக்கலாம். என்ன தேடறீங்கன்னு கொஞ்சம் விவரமாச் சொல்லுங்களேன்." ஆபீஸுக்குள் நாலு பேர் சிரிப்பதற்கு எழுதியது. நூலகத்துக்கு அனுப்பும்போது சோதனை வாசகங்கள் எல்லாம் நீங்கிப் பழையவை வந்து உட்கார்ந்துவிடும்.

அனுப்பும் வேலை தாடியுடையது. தாடி அவளுக்குப் பக்கத்து இருக்கைக்காரன், பெயருக்கேற்ற முகம். அனுப்புவதற்கென்று அவனே ஒரு சின்ன கருவி எழுதி வைத்திருந்தான். கடைசிக் கட்டத்தில் அது கேட்கும்: "சோதனை வாசகங்களை நீக்காமல் விடுவதைத் தவிர்க்காமல் இருக்கவா?" கீழே இரண்டு பட்டன்: ஆம், ரத்து. வழக்கமாக எதை அமுத்துவது என்று தாடியின் விரலுக்குப் பழக்கம். அன்றைக்கு மேலே டிரில் ஓடிக்கொண்டிருந்தது, முதலாளி தன் அறையிலிருந்து "அனுப்பியாச்சா, அனுப்பியாச்சா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். விரல் யோசித்துவிட்டது.

மறுநாள் சாயங்காலம் மாமியார் நூலகத்திலிருந்து திரும்பி வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே கேட்டார்.

"ஏம்மா, உங்க ஆபீஸ்ல புதுசா யாரையாவது வேலைக்கு எடுத்திருக்கீங்களா?"

"இல்லையே அத்தை. ஏன்?"

"லைப்ரரில அந்தப் பெட்டி இன்னிக்கு எவ்வளவு மரியாதையா பேசுச்சு தெரியுமா. எப்பவும் பிழை நாப்பது, பிழை நாப்பதுன்னு எரிஞ்சு விழும். மிச்ச முப்பத்தொம்போதை நான் எப்ப பண்ணித் தொலைச்சேன்னு நினைச்சுக்குவேன். இன்னிக்கு எடுத்த எடுப்புல மன்னிக்கணும்னு சொல்லுது."

டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த வாயாடியின் கை நின்றது. "வேற என்ன சொல்லுச்சு?"

மாமியார் எக்ஸ்சேஞ்சுக் குரலில் மூன்று வாக்கியத்தையும் அப்படியே ஒப்பித்தார். உள்ளேயிருந்து கணவர் சிரித்த சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். "யாரோ குறும்பு புடிச்ச ஆளு எழுதியிருக்கான்," என்றார் மாமியார். "உன்னை மாதிரி அமுக்கமான ஆளுங்களுக்கு நடுவுல அப்படி ஒருத்தன் இருக்கட்டும்."

வாயாடி படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தாடிக்குப் போன் போட்டாள்.

"நேத்து எந்த பட்டனை அமுத்தின?"

"ஆம்னு அமுத்தினேன்."

"எதுக்கு ஆம்?"

"அதைத்தான் நானும் நேத்துலேர்ந்து யோசிச்சிட்டிருக்கேன்," என்றான் தாடி.

காலையில் அவள் படியேறும்போதே முதலாளியின் குரல் கேட்டது. தலைமை நூலகர் மூன்று மணிக்கு நேரில் வருகிறாராம். "நம்ம பெட்டி பொதுமக்கள்கிட்ட எகத்தாளம் பேசுதாம். அந்த அம்மா போன்ல பேசினதுல எனக்குக் காது சூடாயிடுச்சு. அவங்க வர்றதுக்குள்ள பழையபடி மாத்திடுங்க. யாரு எழுதினா, யாரு அனுப்பினாங்கறதெல்லாம் நாளைக்குப் பேசிக்கலாம்." தாடி கீபோர்டை இழுத்து வைத்துக்கொண்டான்.

எத்தனை பேர் கண்ணில் பட்டிருக்கும் என்று தெரிந்துகொள்ள வாயாடி தேடல் பதிவைத் திறந்தாள். ஜனங்கள் திரையில் என்னென்ன அடித்தார்கள் என்று வரிசையாகக் காட்டும் பக்கம் அது. வழக்கமாக அதில் ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தை, பாதி வார்த்தை என்று நொய் மாதிரி கிடக்கும். இன்றைக்குப் பக்கம் நிரம்பி வழிந்தது. முதல் வரியைப் படித்தாள். அடுத்ததைப் படித்தாள். பிறகு, யாரும் அந்த அறையில் கேட்டிராத ஒரு சத்தம் கேட்டது. வாயாடி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பதில் சொல்லியிருக்காங்க," என்றாள். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள். "தாடி, அது கேட்டுச்சில்ல, விவரமாச் சொல்லுங்கன்னு? சொல்லியிருக்காங்க. எல்லாரும் சொல்லியிருக்காங்க."

நின்றபடியே படிக்க ஆரம்பித்தாள்.

"'பரவாயில்ல, நீங்க வருத்தப்படாதீங்க. நீல அட்டை. போன மாசம் ஜன்னல் பக்கத்துல இருந்தது. கடைசில நாய் திரும்பி வந்துடும். அந்தப் புத்தகம்.'

"'தப்பு உன் மேலதான். நான் சரியாத்தான் அடிச்சேன். ற எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள என்ன தேட வந்தேன்னே மறந்துபோச்சு.'

"'எழுத்து எறும்பு மாதிரி இருக்கு. கண்ணாடி கொண்டுவரல. நான் என்ன அடிக்கறேன்னு எனக்கே தெரியல. ஆனா நீ கேட்ட விதம் பிடிச்சிருக்கு.'

"'ரத்துங்கற பட்டனை அமுத்தினா ரத்து செய்யவான்னு கேக்குது. அதுக்குக் கீழ சரி, ரத்துன்னு ரெண்டு. இப்ப நான் ரத்து பண்ணணும்னா ரத்தை ரத்து பண்ணணுமா?'

"'நான் புத்தகம் எதுவும் தேடல. மழைக்கு ஒதுங்கினேன். நீ எப்படி இருக்க?'"

அறையில் வேலை நின்றுவிட்டது. ஒருவர் தேநீர்க் கோப்பையை உதட்டருகே பிடித்தபடியே குடிக்க மறந்திருந்தார். அதட்டுவதற்காகத் தன் அறையிலிருந்து வெளியே வந்த முதலாளி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மழைக்கு ஒதுங்கியவர் வரைக்கும் கேட்டார்.

"மாத்தாத தாடி," என்றாள் வாயாடி. "கையை எடு."

"மாத்தலேன்னா ஒப்பந்தம் கையை விட்டுப் போயிடும்மா," என்றார் முதலாளி.

"சார், இத்தனை வருஷமா அந்தக் கட்டம் அங்க இருக்கு. ரெண்டு வார்த்தைக்கு மேல யாரும் அடிச்சதில்ல. நம்ம பெட்டியைப் பத்தி என்ன நினைக்கறீங்கன்னு ஆளை உக்கார வெச்சுக் கேட்டப்பகூட நல்லா இருக்குன்னுதானே சொல்லிட்டுப் போனாங்க? நேத்து ஒரே நாள்ல ஊரே மனசுல இருக்கறதைக் கொட்டியிருக்கு. இதைப் போய் மூடறதா?"

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பதில் உடனே வந்திருக்கிறது. பஸ்ஸுக்காகக் காத்திருக்கவில்லை.

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு மணிக்கு நீயே பேசு," என்றார்.

தலைமை நூலகர் சொன்ன நேரத்துக்கு வந்தார். உயரம், ஒல்லி, மடக்கிய குடை, இரும்பு விளிம்புக் கண்ணாடி. உட்காரச் சொன்னதும் உட்காராமல், "நூலகம்னா அதுக்குன்னு ஒரு கௌரவம் இருக்கு," என்று ஆரம்பித்தார். வாயாடி அவரைத் தடுக்கவில்லை. அவர் பேசி முடிக்கும் வரைக்கும் பொறுத்திருந்து, சுவரிலிருந்த பெரிய திரையில் தேடல் பதிவைப் போட்டாள்.

நூலகர் நின்றபடியே படித்தார். நாய் திரும்பி வரும் புத்தகம் வந்ததும், "அது நீலம் இல்ல, பச்சை," என்றார், யாரிடமென்றில்லாமல். பிறகு உட்கார்ந்தார். இன்னும் கொஞ்சம் படித்தார். அப்போது, எல்லோர் கண் முன்னாலும், அடியில் ஒரு புது வரி வந்து விழுந்தது. அவருடைய நூலகத்தில் யாரோ அந்த நிமிஷம் திரைக்கு முன்னால் நின்றுகொண்டு அடித்திருக்கிறார்கள்.

"கவுண்டர்ல கண்ணாடி போட்ட மேடம் இன்னிக்கு இல்ல. அவங்க இருந்தா கேக்கப் பயம், அதான் உன்கிட்ட கேக்கறேன். ஒரு புத்தகம் ரெண்டு வருஷமா என் வீட்லயே இருக்கு. இப்ப கொண்டுவந்தா திட்டுவாங்களா?"

முதலாளி மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். தாடி தாடியைச் சொறிந்தான். மேலே பல் டாக்டரின் டிரில்கூட அந்த நேரம் பார்த்து நின்றுபோயிருந்தது.

"நான் என்ன புலியா?" என்றார் நூலகர்.

வாயாடிதான் சொன்னாள். "இல்ல மேடம். ஆனா எங்க பெட்டி புலி மாதிரிதான் இருந்தது. தப்பா ஓர் எழுத்து அடிச்சா பிழைன்னு உறுமிச்சு. கவுண்டர்ல கேக்கவும் கூச்சம், பெட்டிகிட்ட கேக்கவும் பயம். ரெண்டு எடத்துலயும் கேக்காமலே எத்தனை பேர் வீட்டுக்குப் போயிருப்பாங்கன்னு நமக்குத் தெரியாது."

நூலகர் கைப்பையிலிருந்து போனை எடுத்தார். "கவுண்டரா? பெட்டிக்கு முன்னாடி யாரு நிக்கறாங்க பாரு... சரி, அவர்கிட்ட போய்ச் சொல்லு. திட்ட மாட்டேனாம், மேடம் சொன்னாங்கன்னு சொல்லு." காத்திருந்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். பிறகு போனைக் கீழே வைத்தார்.

"மேடம்னு சொன்னதுமே வெளிய போயிட்டாராம்," என்றார். சொல்லிவிட்டு அவர் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. அவர் சிரிக்கிறார் என்று புரிவதற்கே மற்றவர்களுக்கு நேரம் பிடித்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "வாசகம் இருக்கட்டும்," என்றார். "ஆனா எனக்கு ஒண்ணும் புரியலங்கறதை மட்டும் மாத்துங்க. நூலகத்துல நிக்கற ஒரு பொருள் அப்படிச் சொல்லக் கூடாது. சரியாப் புரியலன்னு போடுங்க, போதும்."

அந்த ரெண்டு வருஷப் புத்தகம் மறுநாள் காலையில் திரைக்குப் பக்கத்து நாற்காலியில் அனாதையாகக் கிடந்ததாம்.

நூலகர் வந்துபோன அன்று சாயங்காலம் வீட்டில் வாயாடி, காய் நறுக்கிக்கொண்டிருந்த மாமியாருக்கு எதிரில் போய் உட்கார்ந்தாள். "அத்தை, அந்தப் பெட்டி பேசினது நான் எழுதினது."

கத்தி நின்றது. "நீயா?"

"ம்."

"இவ்வளவு பேச்சை உள்ள வெச்சுக்கிட்டா இத்தனை வருஷமா சரி அத்தை, சரி அத்தைன்னு இருந்த?"

"நீங்க நடுவுல எடமே விடலையே அத்தை."

கணவர் வாயைப் பொத்திக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். மாமியார் மருமகளை மேலும் கீழுமாகப் பார்த்தார். பிறகு பாதிக் காயை அவள் பக்கம் தள்ளினார். "இதை நறுக்கு. நறுக்கிக்கிட்டே பேசு. இன்னிக்கு நான் கேக்கறேன்."

அடுத்து வந்த இரண்டு மாதமும் வாயாடிக்குக் காலில் சக்கரம் கட்டிவிட்ட மாதிரி ஓடியது. புத்தகத்தின் பெயர் தெரியாதவர்களும் தேட வழி செய்ய வேண்டும்: அட்டை நிறம், கதையில் என்ன நடக்கும், எவ்வளவு தடிமன். நூலக ஊழியர்கள் ஒவ்வொரு புத்தகமாக எடுத்து நிறம் குறித்தார்கள். ஒருவருக்கு நீலம் இன்னொருவருக்குப் பச்சையாக இருந்தது, மூன்றாமவர் "ஒரு மாதிரி மயில்" என்று எழுதியிருந்தார். "மனுஷன் கண்ணு ஆளுக்கொரு வெர்ஷன்ல ஓடுது," என்று தாடி தலையில் கை வைத்துக்கொண்டான். கடைசியில் மூன்றையும் ஏற்றுக்கொள்கிற மாதிரி எழுதினார்கள். எழுத்தை இரண்டு மடங்காகப் பெரிதாக்கினாள். "அழகா இல்லையேம்மா" என்றார் முதலாளி. "கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாருங்க சார்" என்றாள். கழற்றிப் பார்த்தார், பேச்சை விட்டுவிட்டார். ரத்தை ரத்து செய்யும் கேள்வியைத் தூக்கி எறிந்தார்கள். தாடி தன் கருவியையும் திருத்தினான். இப்போது அதில் இரண்டு பட்டன்கள்: "சோதனை வாசகத்தைத் தூக்கிடு", "இருந்துட்டுப் போகட்டும்."

வாரக் கடைசியில் வேலையை மடிக்கணினியில் வீட்டுக்குக் கொண்டுவருவாள். மாமியார் உட்கார்ந்து அடித்துப் பார்ப்பார். "இந்த எடத்துல எனக்குக் கோவம் வருது," என்பார். ஏன் என்று அவருக்குச் சொல்லத் தெரியாது. வாயாடி அந்த இடத்தையே முறைத்துப் பார்ப்பாள், எதையாவது நகர்த்துவாள், திரும்பக் காட்டுவாள். "இப்ப வரல" என்று மாமியார் சொல்லும்போது அவளுக்கு எழுந்து ஒரு சுற்று ஓடிவிட்டு வரலாம் போலிருக்கும்.

கம்பெனியில் எந்தத் திரையில் எந்த வாசகம் வந்தாலும் அது வாயாடி கையைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும் என்று முதலாளி ஏற்பாடு செய்தார். மாடியிலிருந்து பல் டாக்டர் இறங்கி வந்து, நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கும் தன் புரோகிராமையும் பார்க்க முடியுமா என்று கேட்டார். "வர்றவங்க என்னைவிட அதைப் பாத்துதான் பயப்படறாங்க," என்றார்.

புதிய திரை முதலில் பெரிய நூலகத்துக்குப் போனது. ஒரு சனிக்கிழமை காலை. வாயாடியும் தாடியும் பத்திரிகை அடுக்குக்குப் பின்னால், திருட வந்தவர்கள் மாதிரி நின்றார்கள். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். குழந்தை அவள் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. திரைக்கு முன்னால் நின்று, சும்மா இருந்த ஒரு கையால் அடித்தாள். தாடி போனில் பதிவைத் திறந்து வாயாடியிடம் காட்டினான். "குழந்தை தூங்கணும். கதை சின்னதா, படம் நிறைய."

திரையில் ஆறு அட்டைகள் வந்தன. கீழே அலமாரிக்கு வழி. அவள் ஒன்றைத் தொட்டாள், வழியைப் பார்த்தாள், நேராக நடந்தாள், எடுத்தாள். திரை பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒரு நன்றி சொல்லிட்டுப் போகலாம்ல," என்றான் தாடி.

வாயாடி அவன் சட்டைக் கையைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தாள். "யோசிக்கவே இல்ல, பாத்தியா? ஓர் எடத்துலகூட நின்னு யோசிக்கல." அவள் குரல் உயர்ந்துவிட்டது. படித்துக்கொண்டிருந்த நாலு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். கவுண்டரிலிருந்து தலைமை நூலகர் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார்.

அந்தப் பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் படிக்க ஆரம்பித்தாள். கதை முடிந்தது. குழந்தை கண்ணை அகல விரித்துக்கொண்டு, முதல் பக்கத்துக்குத் திருப்பச் சொல்லிப் புத்தகத்தைத் தட்டியது. அவள் திருப்பினாள். அதுவும் முடிந்தது. மறுபடியும் தட்டியது.

"புத்தகம் கெடைச்சுடுச்சு, தூக்கம் வரல," என்றான் தாடி. "இதையும் பிழைன்னு எழுதிக்கணுமா?"

"அது நம்ம கோடு இல்ல," என்றாள் வாயாடி. வாசல் பக்கம் குடையை உதறிக்கொண்டு ஒரு பெரியவர் வந்துகொண்டிருந்தார். திரையை நோக்கித்தான் வந்தார். அவர் என்ன கேட்கப் போகிறாரோ என்று அவள் போனைத் தாடி கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.